கழிசல் நோட்டு: கடலூர் மளிகைக் கடை ஒன்றில் ஆறு மாதம்

திருப்பாதிரிப்புலியூரில் என் பெரியப்பா மகன் வைத்திருக்கும் மளிகைக் கடை இரண்டு ஷட்டர் அகலம்தான். பெரியப்பா காலத்தில் பொட்டலம் மடித்துக் கொடுத்த கடை. இப்போது ஆள்கள் உள்ளே வந்து கூடையில் எடுத்துப்போட்டுக்கொண்டு பில்லுக்கு வருகிறார்கள். காய்கறி ரேக் ஒன்று, பால், தயிர், மாவுக்குக் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் இரண்டு, ஐஸ்கிரீமுக்கு ஒரு டீப் ஃப்ரீசர். பில் போட இரண்டு பேர், காய்கறிக்கு ஓர் அக்கா, குடோனுக்கு ஒரு பையன். நான் ஞாயிற்றுக்கிழமை போய் ஜிஎஸ்டி கணக்கு எழுதுபவன். கடையில் வீணாகித் தூக்கி எறியும் சரக்கைப் பற்றிய இந்த ஆய்வை எழுதும் யோக்கியதை எனக்கு அவ்வளவுதான்.

எல்லாம் புயலில் தொடங்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து சேர்ந்தது. கடைக்குள் தண்ணீர் ஏறவில்லை, கரண்டு மட்டும் போய்விட்டது. நிரம்பியிருக்கும் ஃப்ரீசரை மூடியபடியே விட்டால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24. சாதாரண ஃபிரிட்ஜ் நாலு மணி நேரத்துக்கு மேல் நம்பக்கூடாது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. குடோன் பையன் அரை மணிக்கு ஒரு தடவை ஃப்ரீசர் கதவைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். எதற்கு என்று கேட்டால், "கரண்டு வந்துச்சான்னு உள்ள லைட்டு பாத்தேண்ணே" என்றான்.

போனதையெல்லாம் இன்சூரன்ஸுக்காக எடை போட்டோம். ஃபிரிட்ஜ் சரக்குக்கு பாலிசியில் இடமில்லை என்று அதன் பிறகு தெரிந்தது தனிக் கதை. ஆனால் அந்தக் கடையில் தூக்கி எறியும் பொருளைத் தராசில் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அண்ணன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புயலுக்கு ஒரு நாள் போச்சு, சரி. மத்த நாள்ல எவ்ளோ போவுதுன்னு யாருக்குடா தெரியும்?" என்றார். யாருக்கும் தெரியாது. லாபக் கணக்கில் அது எங்கேயும் தனி வரியாக இல்லை.

நோட்டு

2025 ஜனவரி முதல் வாரம் பின்வாசல் தராசுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். எடை போடாமல், எழுதாமல் எதுவும் பின்வாசல் தாண்டக்கூடாது. நாலு பத்தி: என்ன, எவ்வளவு, ஏன், எங்கே போனது.

முதல் வாரம் நோட்டு ஏறக்குறைய காலியாக இருந்தது. கழிசல் குறைந்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான். எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ரூபாய்கூடப் பிடிக்கமாட்டேன் என்று அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்ன பிறகுதான் பக்கம் நிறைய ஆரம்பித்தது. காய்கறி அக்காவுக்கு எழுத வராது. தக்காளிக்கு ஒரு வட்டம், கத்தரிக்குக் காம்பு வைத்த வட்டம், கீரைக்கு மூன்று கோடு, பக்கத்தில் எண். நசுங்கியதா, வாடியதா, கூடுதலாக வந்ததா என்பதற்கும் அவரே ஒரு குறி வைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் ஒழுங்காக நிரப்பப்பட்டது அவருடைய பக்கங்கள்தான்.

எங்களுக்குப் பாடம் சொன்னது 'ஏன்' என்கிற பத்தி. எல்லோரும் எதிர்பார்த்தது வெயிலும் எலியும். நோட்டில் திரும்பத் திரும்ப வந்த குறி 'ஜாஸ்தியா வந்தது'. குப்பைத் தொட்டியில் விழுவது நேற்றோ முந்தாநாளோ ஆர்டர் போட்டபோதே விழுந்துவிட்டது என்று புரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

தை அமாவாசை

இதைப் பளிச்சென்று காட்டியது ஜனவரி 29, புதன்கிழமை, தை அமாவாசை. பில்லிங் மென்பொருள் போன நாலு வாரச் சராசரியைப் பார்த்து, "புதன்கிழமைக்கு கேரட் இவ்வளவு, பீன்ஸ் இவ்வளவு, முட்டைகோஸ் இவ்வளவு" என்று யோசனை சொல்லும். அன்றைக்கும் சொன்னது. பையன் அப்படியே போனில் சொல்லிவிட்டான். அமாவாசையன்று தர்ப்பணம் கொடுக்கும் வீடுகளில் இங்கிலீஷ் காய் ஏறாது. வெங்காயம், பூண்டு கிடையாது. சில்வர் பீச்சில் தர்ப்பணம் முடித்து வருபவர்களுக்கு வேண்டியது வாழைக்காய், பூசணி, அவரை, பாகல், மாட்டுக்குப் போட அகத்திக்கீரை. வாழைக்காய் எட்டு மணிக்குள் காலி. கேட்டவர்களை உழவர் சந்தைக்கு அனுப்பினோம். கோஸும் கேரட்டும் சாயங்காலம் வரை ரேக்கில் பொம்மையாக உட்கார்ந்திருந்தன.

அக்கா சொன்னார்: "அன்னிக்கு அமாவாசைன்னு கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னாங்க?"

மறுநாளே தினசரி காலண்டர் ஒன்று ஆர்டர் நோட்டுக்கு மேலே ஆணியில் ஏறியது. அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம், சஷ்டி, முகூர்த்த நாள், பள்ளி லீவு, ரேஷன் பொருள் போடும் வாரம், சம்பளத் தேதி, எல்லாவற்றுக்கும் பென்சிலில் ஒரு குறி. முகூர்த்த நாளன்று தெருவில் பாதி வீட்டில் அடுப்பெரியாது. கல்யாணச் சாப்பாடு. அன்று தயிரும் மாவும் குறைத்து வாங்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் பாலும் பிரெட்டும் முன்தினமே பறக்கும், காய் தேங்கும். இதெல்லாம் பெரியப்பாவுக்கு மனப்பாடமாக இருந்தது. ரேக் வைத்து, மென்பொருள் வாங்கியபோது நாங்கள் தொலைத்தது அதைத்தான். இப்போது மென்பொருள் ஓர் எண் சொல்லும், அக்கா காலண்டரைக் கேட்டு ஓர் எண் சொல்வார், இரண்டும் ஒத்துப்போகாத நாளில் அக்கா சொன்னதே ஆர்டர். ஆறு மாதத்தில் கழிசல் குறைந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்தால் வந்தது என்பது என் கணிப்பு. பைசா செலவில்லை.

கண்ணுக்குத் தெரியாத கழிசல்

பன், பிரெட், பிஸ்கட், சிப்ஸ் விஷயம் வேறு மாதிரி. நோட்டில் அவை வரவே இல்லை. விற்காததை ஏஜென்சி வண்டி எடுத்துக்கொண்டு போய்விடும், அடுத்த பில்லில் கழித்துவிடும். கடைக்கு நஷ்டமில்லை, அதனால் அது கழிசலே இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் ரிட்டர்ன் போவதையும் எழுதச் சொன்னேன். ஒரே நாள் காலையில் 14 பன் திரும்பிப் போனது. தட்டு நிறைந்து அழகாக இருக்கட்டும் என்று ஏஜென்சி வண்டியில் வந்து சரக்கு போடும் லைன் ஆள் கூடுதலாக அடுக்கிவிட்டுப் போவார். நாம் தடுப்பதில்லை, நம் காசு இல்லையே. அந்த 14 பன்னும் எங்கேயோ குப்பைதான். நம் பின்வாசலில் விழவில்லை, அவ்வளவே.

தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் காலாவதியான, திரும்பி வந்த சரக்கின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. தேதி மாற்றி ஒட்டி மறுபடி விற்பதைத் தடுக்க. அந்த உத்தரவு எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்கு இல்லை. ஆனாலும் பன் லைனில் பேசி, ரிட்டர்ன் இல்லாமல் குறைந்த எண்ணிக்கை, அதற்குக் கொஞ்சம் கூடுதல் கமிஷன் என்று மாற்றிக்கொண்டோம். தட்டு பத்து மணிக்கே பாதி காலியாகத் தெரிவது அண்ணனுக்கு இன்னும் உறுத்துகிறது. "ஓடாத கடைன்னு நெனச்சிப்பாங்க" என்கிறார். பிஸ்கட் கம்பெனிகள் மசியவில்லை. அங்கே சின்னக் கடைக்குக் குரல் கிடையாது.

கூறு

தேதி நெருங்கிய, தோல் சுருங்கிய பொருளை என்ன செய்வது? முதலில் படித்தவன் புத்தி வேலை செய்தது. வாசலில் சிவப்புக் கூடை, 'பாதி விலை' என்று அட்டை. யாரும் தொடவில்லை. வழக்கமாக வரும் ஒரு வாத்தியார் வீட்டம்மா கூடையை ஒரு தடவை பார்த்துவிட்டு, பக்கத்துவீட்டுக்காரர் உள்ளே வருவதைக் கண்டதும் முழு விலைத் தக்காளிப் பக்கம் நகர்ந்துவிட்டார். பாதி விலைக் கூடையிலிருந்து எடுப்பது நாலு பேர் எதிரில் எடுக்கும் காரியம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா கேட்டார், "கூறு போட்டுக்கலாமாப்பா?"

சாயங்காலம் ஆறு மணிக்கு ரேக்குக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கை, நாலு பழுத்த தக்காளி, ஒரு கேரட், ஒரு பிடி பீன்ஸ், மேலே இரண்டு இணுக்கு கொத்தமல்லி. சாம்பார் கூறு, இருபது ரூபாய். பக்கத்தில் பொரியல் கூறு, ரசக் கூறு. நான் கவனித்தது அவர் கை. ஒவ்வொரு காயையும் எடுத்து, சொத்தையோ அடியோ இருந்தால் அந்தப் பக்கத்தை மேலே திருப்பி வைத்தார். ஏனக்கா என்றேன். "கீழ வெச்சா ஒரு தடவதான் வாங்குவாங்க."

சிப்காட் ஷிப்டு முடிந்து பஸ் இறங்குபவர்கள், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள், ராத்திரி டியூட்டிக்குப் போகும் நர்ஸுகள் நின்று வாங்கினார்கள். கால் கிலோ கால் கிலோவாக ஐந்து காய் வாங்கினால் இரண்டு பேருக்கு மிஞ்சி அழுகும். கூறு ஒரு வேளைக்குச் சரியாக வரும். பாதி விலைக்கு வெட்கப்பட்ட ஊர் கூறுக்கு வெட்கப்படவில்லை. சந்தையில் பார்த்துப் பழகியது, பேரம்கூட உண்டு. வாத்தியார் வீட்டம்மாவும் வாங்குகிறார்.

முழு விலைக்கு வாங்குபவர்கள் சாயங்காலம்வரை காத்திருப்பார்களே என்று அண்ணன் பயந்தார். சிலர் காத்திருந்தார்கள்தான். ஆனால் கூறில் என்ன இருக்கும் என்பது அன்றன்றைக்கு மிஞ்சியதைப் பொறுத்தது. கத்தரிக்காய் குழம்பு வைக்க முடிவுசெய்தவர் காலையில்தான் வந்தாக வேண்டும். கூறிலும் போகாத பழுத்த தக்காளியை, தெருமுனை மெஸ் தொக்குக்கு எடுத்துக்கொள்கிறது. கொத்தவரை, கத்தரி, மிளகாய் மிஞ்சினால் மகளிர் குழுவில் இருக்கும் அக்காவின் நாத்தனார் வத்தல் போடுகிறார். அதை நாங்களே வாங்கி ரேக்கில் வைக்கிறோம்.

வைப்பு முறையில் செய்தது கொஞ்சம். வாழைப்பழம் விடும் எத்திலின் வாயு பக்கத்திலிருக்கும் கீரையையும் காயையும் சீக்கிரம் பழுக்க வைக்கும் என்பதால் தாரைத் தூரத்தில் கட்டினோம். கீரைக்கு ஈரச் சாக்கு. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மாதிரிப்படி இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, நடுவில் மணல் கொட்டி நனைத்து ஒரு குளிர் தொட்டி கட்டியதும் நான்தான். காற்று வறண்டிருந்தால்தான் ஆவியாகிக் குளிரும். கடற்கரை ஊரில் அதைக் கட்டிய புத்திசாலியை இன்னும் கேலி செய்கிறார்கள். செங்கல் இப்போது படிக்கட்டு.

கொடுப்பது

மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். நானும் சொன்னவன். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரியும் மாவட்டத்தில் இருந்துகொண்டு கொடுக்கத் தயங்கலாமா? ஆனால் வடலூர் இங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் போல. மூன்று கிலோ தக்காளிக்கு வண்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. தைப்பூசத்துக்கு முன்னால் அரிசி, பருப்பு என்று சேர்த்து அனுப்பினோம். அது காணிக்கை, கழிசல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். ஃபிரிட்ஜில் தேதி முடிய இரண்டு நாள் இருக்கும் தயிர், பிரெட், பன் என்று ஒரு பை எடுத்துப் போனேன். நடத்துகிற அம்மா வாங்கிக்கொண்டார், ஆனால் முகத்தில் ஒரு தயக்கம். அடுத்த தடவை சொல்லியே விட்டார்: "தம்பி, தப்பா நெனக்காதீங்க. எல்லாரும் பன்னுதான் குடுக்கறாங்க. பல்லு இல்லாதவங்களுக்குக் காலைல இட்லிதான் இறங்கும். பருப்பு இருந்தா குடுங்க." நம்மிடம் மிஞ்சுவதும் அவர்களுக்கு வேண்டியதும் ஒன்றல்ல. இப்போது எடுத்துப் போகுமுன் போன் போட்டு வேண்டுமா என்று கேட்கிறோம், வேண்டாம் என்றால் கோபப்படுவதில்லை. அதிகம் போவது மாவு. அன்று சாயங்காலம் மிஞ்சும் இட்லி மாவு பாக்கெட், மறுநாள் காலை அங்கே இட்லி.

சட்டப்படியும் சில விஷயம் உண்டு. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்றே எஃப்எஸ்எஸ்ஏஐ 2019-இல் விதிமுறை கொண்டுவந்தது, 2020 ஜூலை 1 முதல் நடைமுறை. காலாவதியானதைத் தானமாகவும் கொடுக்கக்கூடாது, குளிரில் வைக்க வேண்டியது குளிரிலேயே போய்ச் சேர வேண்டும், என்ன கொடுத்தோம் என்ற பதிவு வேண்டும். நியாயமான விதிதான். நம் நோட்டின் நாலாவது பத்தியே பதிவாகிவிடுகிறது.

வரி விஷயம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டம் 17(5) எச் பிரிவுப்படி அழித்த சரக்குக்கும் இலவசமாகக் கொடுத்த சரக்குக்கும் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. குப்பையில் போட்டாலும் இல்லத்துக்குக் கொடுத்தாலும் கணக்கில் ஒரே நஷ்டம். பத்து ரூபாய்க்கு விற்றால் அந்த வரிக் கழிவு நிற்கும். காய்கறிக்கும் பாலுக்கும் வரி இல்லை, பிரச்சினையும் இல்லை. பிஸ்கட் மாதிரி சரக்கில்தான் இது கடித்தது. 2025 செப்டம்பர் 22-இல் பிஸ்கட் வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியதும் கடி குறைந்தது. பிரான்ஸில் 2016 முதல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் விற்காத நல்ல உணவை அழிக்கவே கூடாது என்று சட்டம். நம் ஊரில் சட்டம் கொடுப்பவனைத் தடுக்கவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை.

சென்னை பெசன்ட் நகரில் 'ஐயமிட்டு உண்' என்று பொது ஃபிரிட்ஜ் வைத்ததைப் பார்த்து, எங்கள் வாசலிலும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்தோம். மூன்றாம் வாரம் யாரோ முந்தாநாள் பிரியாணியைத் தேதி எழுதாமல் வைத்துவிட்டுப் போனார்கள். அதைச் சாப்பிட்டு ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் கடைப் பெயர்தான். காலையும் மாலையும் திறந்து பார்த்துத் துடைக்க ஓர் ஆள் இல்லாமல் பொது ஃபிரிட்ஜ் வைக்கக்கூடாது. எங்களிடம் ஆள் இல்லை. எடுத்துவிட்டோம்.

கூடை வீட்டுக்குப் போன பிறகு

ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 உணவகங்களில், 12 மட்டுமே கடைகளில். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. அப்படியானால் கடைக்காரன் கை கழுவிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன அளவில் என்ன போகிறது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். 'ஒன்று வாங்கினால் ஒன்று' போட்டு ஒரு கிலோ ரவையை இரண்டு பேர் இருக்கும் வீட்டில் தள்ளினால் நம் குடோனில் பிடிக்க வேண்டிய வண்டு அவர்கள் டப்பாவில் பிடிக்கும். நம் நோட்டு சுத்தமாக இருக்கும்.

அதனால் பெரியப்பா வழிக்கே கொஞ்சம் திரும்பினோம். பருப்பு, ரவை, மிளகு, சீரகம், புளி சில்லறையாக, ஐம்பது கிராம்கூட. பழைய தராசு மறுபடி கவுன்ட்டருக்கு வந்தது. விலை பாக்கெட்டைவிடக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. லாபமும் குறைவு, நேரமும் பிடிக்கும், சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் திட்டும் விழும். இது தாங்குமா என்று அண்ணனுக்கு இன்னும் சந்தேகம்தான். எனக்கும் உண்டு.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. காய்கறிப் பக்கங்கள் மெலிந்துவிட்டன. ஐஸ்கிரீம் பக்கம் அப்படியே இருக்கிறது. பிஸ்கட், சிப்ஸ் ரிட்டர்ன் இன்னும் வாரம் ஒருமுறை வண்டியேறுகிறது. போன வாரம் லைன் பையனிடம், இதெல்லாம் எங்கேப்பா போகிறது என்று கேட்டேன். "டிப்போவுக்கு சார்" என்றான். அங்கிருந்து? அவன் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுத்தான். நோட்டில் நாலாவது பத்தியில் 'டிப்போ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.